மறுமொழி: சிசேரியனுக்கு முழு மயக்கம் கொடுக்கும் முதல் மருந்துக்குத் தமிழ்ப் பெயர்

அன்புடையீர்,

முழு மயக்கத்தில் நடைபெறும் சிசேரியனில் தாய்க்கு முதலில் ஏற்றப்படும் மருந்தைத் 'தூண்டல் மருந்து' எனலாம் என்று சென்ற மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. அதனை நாம் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. மகப்பேற்றுத் துறையில் 'தூண்டல்' என்பது பிரசவ வலியை வரவழைப்பதற்கு முன்னரே கொடுக்கப்பட்டுவிட்ட பெயர். நுவரெலியாவிலோ பதுளையிலோ பிரசவ விடுதியில் இருக்கும் ஒரு தோட்டத் தாய்க்குக் காலையில் வலி வருவதற்காக ஒக்சிடோசின் ஏற்றி, குழந்தையின் இதயத்துடிப்புத் தளர்ந்ததால் பிற்பகலில் அவசர சிசேரியனுக்காக மயக்க மருந்தான தயோபென்டோன் ஏற்ற நேரலாம். ஒரே டிக்கட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில், இரண்டுக்கும் ஒரே பெயர் எழுதப்படுவது ஆபத்தானது.

'துயிலேற்றி' என்ற மற்றைய பரிந்துரை செவிக்கு இனிமையானது. தயோபென்டோனுக்கும் அதே வேலைக்குப் பயன்படும் புரோபோபோலுக்கும் பொருந்தவும் கூடும். ஆனால் இவ்வகையின் மற்றொரு மருந்தான கெற்றமினுக்குப் பொருந்தாது. கெற்றமின் ஏற்றப்பட்டவரின் கண்கள் திறந்தே இருக்கலாம், கருவிழிகள் அசையலாம். வலியும் சூழலும் அவரை எட்டுவதில்லை என்றாலும், பார்ப்பவர் அந்நிலையை உறக்கம் என்று சொல்லமாட்டார். கெற்றமினை ஒதுக்கிவிட்டு இந்த வகைக்குப் பெயர் வைக்கவும் முடியாது. தயோபென்டோனும் புரோபோபோலும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. ஆகவே நச்சுக்கொடி விலகி இரத்தம் பெருகிக்கொண்டிருக்கும் தாய்க்கு, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் கெற்றமினைக் கிலோகிராமுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் வரை கொடுப்பதையே வைத்தியர் பெரும்பாலும் விரும்புவார். இரத்தச்சோகையோடு பிரசவத்துக்கு வரும் பெண்கள் பலர் உள்ள நம் மலையகத்தில் இது அரிதாகப் பேசப்பட வேண்டிய மருந்தன்று. கர்ப்பகால உயர் அழுத்தம் கடுமையாக உள்ளவருக்கோ அதே இயல்பு தீங்காகிவிடும். அங்கே மற்ற இரண்டில் ஒன்றே தகும்.

எனவே வகைப்பெயர் மருந்தின் தன்மையைச் சொல்லாமல், அது செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். கிலோகிராமுக்கு 4 அல்லது 5 மில்லிகிராம் தயோபென்டோன் ஏறக்குறைய அரை நிமிடத்தில் நினைவை நீக்குகிறது. ஆனால் அது மூளையிலிருந்து தசைகளுக்குப் பரவிவிடுவதால் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் அதன் விளைவு தளர்ந்துவிடுகிறது. அதற்குள் மயக்கவாயு பொறுப்பேற்காவிட்டால், வயிறு திறந்திருக்கும்போதே தாய்க்கு நினைவு திரும்பக்கூடும். மயக்கத்தைத் தொடங்கிவைப்பது மட்டுமே இம்மருந்தின் வேலை என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். அதனால் 'மயக்கத் தொடக்கி' என்பதை முன்மொழிகிறேன்.

சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இந்த வகைப்பெயருக்கு வேலை இருக்கிறது. சிரிஞ்சுகளில் ஒட்டும் சிட்டைகளின் நிறம் மருந்து வகையைக் குறிப்பது. சர்வதேச நியமத்தில் மயக்கத் தொடக்கிகளுக்கு மஞ்சள், தசைத் தளர்த்திகளுக்குச் சிவப்பு. தயோபென்டோன் தூளாக வந்து நீரில் கரைக்கப்படுவது. அன்டிபயோட்டிக் சிலவும் அப்படியே. கரைத்த பின் இரண்டும் ஒரே அளவுச் சிரிஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், கண்ணால் பிரித்தறிவது கடினம். 2014இல் வெளியான பிரித்தானிய ஆய்வறிக்கை, சிசேரியனில் இவ்வாறு சிரிஞ்சு மாறியதைப் பதிவுசெய்திருக்கிறது. பால்போல் வெண்மையான புரோபோபோலில் அந்தக் குழப்பம் நேர்வது அரிது.

'மயக்கம்' என்றால் நம் ஊரில் தலைசுற்றலையும் குறிக்குமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆயினும் 'முழு மயக்கமா, முதுகில ஊசியா?' என்று கேட்கும் அளவுக்கு இச்சொல் தாய்மாரிடம் வேரூன்றிவிட்டது. அவர்களுக்கான துண்டுப்பிரசுரத்தில் 'முழு மயக்கத்தை ஆரம்பிக்கும் ஊசி' என்று விரித்து எழுதினால் போதும்.

இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போகாதிருக்க, மயக்கத் தொடக்கியை அடுத்து உடனே தசைத் தளர்த்தியான சக்சமெத்தோனியத்தை ஏற்றிச் சுவாசக் குழாய் செலுத்தும் முறைக்கு 'விரைதொடர் மயக்கத் தொடக்கம்' பொருந்தும் என நினைக்கிறேன். வேகத்தைப் போலவே, இடைவெளியின்றி ஒன்றையடுத்து ஒன்று கொடுப்பதும் அம்முறையின் உயிர்நாடியாதலால், 'தொடர்' என்பதை விட்டுவிட முடியாது.

வாயுவால் மயக்கத்தை நிலைநிறுத்தும் அடுத்த கட்டத்துக்கு 'மயக்கப் பேணல்' என்று எழுதிவருகிறேன். 'மயக்கத் தொடர்ச்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். விரைதொடர் என்பதோடு அது மோதுமோ என்று அஞ்சுகிறேன். தங்கள் கருத்துகளை அறியத்தர வேண்டுகிறேன்.