பனையோலைக் கூடை: வெப்சைட் இல்லாம விக்க முடியுமா? கூரியர் காசே கூடை விலைக்கு வருது

ஓலைப்பெட்டி (கேள்வி)

வணக்கம். சாயல்குடி பக்கம் மகளிர் குழுவுல ஆறு பேர் பனையோலை பின்னுறோம். கைப்பிடி வச்ச கூடை (வாய் 28 செ.மீ., உயரம் 25 செ.மீ., எடை 350 கிராம், விலை 320 ரூபாய்), தாம்பூலக் கொட்டான் (தாம்பூலம் வச்சுக் குடுக்குற சின்ன ஓலைப்பெட்டி), விசிறி, பர்ஸ் எல்லாம் இருக்கு. வெப்சைட் போட வருஷத்துக்கு 18,000 கேக்குறாங்க, அது கட்டுப்படியாகாது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ரெண்டும் இருக்கு. ஆனா சிக்கல் இதுதான்:

கூடை அரைக் கிலோ கூட இல்ல, கூரியர்ல 5 கிலோன்னு பில் போடுறாங்க. "விலை என்ன"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க, சொன்னதும் பேச்சே இல்ல. வாட்ஸ்அப்ல பிராட்காஸ்ட் (ஒரே மெசேஜை நிறைய பேருக்கு ஒண்ணா அனுப்புறது) போட்டா பாதிப் பேருக்குப் போகல. மழை நேரத்துல அனுப்பின ரெண்டு பார்சல்ல வெள்ளை வெள்ளையாப் பூத்துருச்சுன்னு புகார். ஜிஎஸ்டி வேணுமா வேண்டாமான்னும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

எதை முதல்ல சரி பண்ணணும்?

பார்சல்_கட்டு

கூரியரை முதல்ல. மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

உங்களை யாரும் ஏமாத்தல. பெட்டி பெருசா, எடை கம்மியா இருந்தா கொள்ளளவு எடைதான் போடுவாங்க. நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.), அதை 5000-ஆல வகுக்கணும். வர்ற கிலோ, தராசுல வர்ற கிலோ, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. சில கம்பெனி 5000-க்குப் பதிலா 4500, 4000-ன்னு வகுக்கும், அப்ப இன்னும் கூடும். புக் பண்றதுக்கு முன்னாடி "வகு எண் எவ்வளவு"ன்னு கேட்டுக்குங்க.

உங்க கூடைக்கு 30×30×27 பெட்டி. 24,300-ஐ 5000-ஆல வகுத்தா 4.86. மேல ஏத்தி 5 கிலோ. பில் சரிதான்.

இப்ப அதே கூடையைப் பத்து எண்ணம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்குங்க. அடி சின்னதா, வாய் அகலமா இருந்தா ஒவ்வொரு கூடையும் 3 செ.மீ. மட்டும்தான் மேல நிக்கும். முதல் கூடை 25, மேல நிக்கிற ஒன்பது கூடைக்கு 27, ஆக 52, பெட்டி உயரம் 54. 30×30×54 = 48,600. 9.72, அதாவது 10 கிலோ. பத்து கூடைக்கு 10 கிலோ, கூடைக்கு 1 கிலோ. தனியாப் போனா கூடைக்கு 5 கிலோ.

அதனால மூணு காரியம். ஒண்ணு, நேர்ச்சுவர் கூடையை விட்டுட்டு அடி குறுகின அச்சுக்கு மாறுங்க. அடிக்கும் வாய்க்கும் 5 செ.மீ. வித்தியாசமாவது இல்லேன்னா உள்ளே இறங்காது, இறங்கினா திரும்ப எடுக்க முடியாது. ரெண்டு, விறைப்பா நிக்கிற கைப்பிடி வேண்டாம். நார்க் கயித்துல மடங்குற கைப்பிடி போடுங்க, இல்லேன்னா அடுக்கவே முடியாது. மூணு, ஒத்தைக் கூடையை வெளியூருக்கு விக்கிற ஆசையை விடுங்க. ஒத்தையா வாங்குறவங்களுக்குப் பர்ஸ், விசிறி, மேஜை விரிப்புன்னு தட்டையான சாமான். 25×18×3 பார்சல் 0.27 கிலோதான் வரும். கூடையும் கொட்டானும் மொத்தமா விசேஷ வீட்டுக்கு.

தமிழ்நாட்டுக்குள்ள பெரிய கட்டுன்னா கூரியரை விட லாரி பார்சல் சர்வீஸ், பஸ் பார்சல் விலையையும் விசாரிங்க. வாங்குறவங்க ஆபீஸ்ல போய் எடுத்துக்கணும், அவ்வளவுதான்.

ஓலைப்பெட்டி

கணக்கு இப்பத்தான் புரியுது. கைப்பிடி விறைப்பாத்தான் இருக்கு, மாத்துறோம். வாட்ஸ்அப்புக்கு வழி சொல்லுங்க.

கடைசிவீதி

சாதா வாட்ஸ்அப்பா, பிசினஸ் ஆப்பா? பிசினஸ் ஆப் இலவசம்தான். குழுவுக்குன்னு தனி சிம் வாங்கிப் போடுங்க. லேண்ட்லைன் நம்பர்லகூட அழைப்பு வழியா ஓடிபி வாங்கிப் பதியலாம்.

பிராட்காஸ்ட் போகாததுக்கு முக்கியக் காரணம்: உங்க நம்பரை அவங்க போன்ல சேமிச்சிருக்கணும். சேமிக்காதவங்களுக்கு ஒத்தை டிக்கோட நின்னுரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் நம்பர் சேமிச்சிருந்தாத்தான் தெரியும். ஒரு லிஸ்ட்ல 256 பேர்தான். அதனால ஆர்டர் எடுக்கும்போதே "இந்த நம்பரை 'பனையோலை'ன்னு சேமிச்சுக்குங்க, புதுசு வந்தா படம் வரும்"னு சொல்லிருங்க. தெரியாத நம்பருக்கெல்லாம் மொத்தமா அள்ளி வீசாதீங்க. நாலு பேர் ரிப்போர்ட் அடிச்சா நம்பரே முடங்கிரும்.

"விலை என்ன"வுக்கு மருந்து கேட்லாக், அதாவது பிசினஸ் ஆப்லயே இருக்கிற பொருள் பட்டியல். 500 பொருள் வரை ஏத்தலாம், ஒவ்வொண்ணுக்கும் 10 படம். பெயருக்கு முன்னாடி குறியீடு வைங்க: கூ-1, கொ-3, ப-2. விலையைக் கண்டிப்பாப் போடுங்க. விவரத்துல அளவு, எவ்வளவு கொள்ளும் ("2 கிலோ அரிசி"), எத்தனை நாள்ல தயாராகும், குறைஞ்சது எத்தனை எண்ணம் வாங்கணும், இந்த நாலும் வரணும். அப்புறம் பிசினஸ் டூல்ஸ்ல ஷார்ட் லிங்க் எடுத்து, முதல் மெசேஜா "எந்தக் குறியீடு, எத்தனை, எந்த ஊர், எந்தத் தேதிக்குள்ள" அப்படின்னு முன்கூட்டியே எழுதி வைங்க. லிங்கைத் தொட்டவங்களுக்கு அது டைப் பண்ணின மாதிரியே வந்து நிக்கும், அவங்க நிரப்பி அனுப்பினாப் போதும். பேச்சு பாதி மிச்சம்.

விலை கேட்டுட்டுப் போறவங்க எல்லாம் விலை அதிகம்னு போறதில்ல. கூரியரோட சேர்த்து எவ்வளவுன்னு தெரியாமப் போறவங்கதான் அதிகம். "320 + கூரியர்"னு சொல்லாதீங்க. ஊரையும் எண்ணிக்கையையும் கேட்டுட்டு, "10 கூடை, கோவை, வீடு வந்து சேர இவ்வளவு"ன்னு ஒரே தொகையாச் சொல்லுங்க.

ஜன்னலோரம்

படம் எடுக்கிறதுக்கு கேமராவே வேண்டாம், போன் போதும். ஆனா டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்தா ஓலை பச்சை பூத்த மாதிரி வரும், வாங்குறவங்க "படத்துல வேற நிறம்"னு சண்டைக்கு வருவாங்க. காலையில வெயில் நேரா விழாத ஜன்னல் ஓரத்துல, லைட்டை அணைச்சுட்டு எடுங்க. இருட்டா இருக்கிற பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்துங்க, நிழல் தெளிஞ்சுரும். லென்ஸை முந்தானையில ஒரு துடை துடைச்சுக்குங்க.

ஒரு பொருளுக்கு அஞ்சு படம்: முழுசு, மேலிருந்து உள்பக்கம், அடிப்பக்கம், பின்னல் கிட்டத்துல, கையில பிடிச்சபடி ஒண்ணு. அளவு தெரிய பக்கத்துல தேங்காய் ஒண்ணு வைங்க. 28 செ.மீ.ன்னா யாருக்கும் கண்ணுல நிக்காது, தேங்காய்னா நிக்கும். படத்தை எச்டி-யா அனுப்புங்க, இல்லேன்னா வாட்ஸ்அப் நசுக்கி அனுப்பி பின்னல் தெரியாமப் போயிரும்.

இன்ஸ்டாவுல 'பெயர்' கட்டத்துல குழு பேரை மட்டும் போட்டிருப்பீங்க. அங்கதான் தேடல் போய்ப் பாக்கும். "பனையோலைக் கொட்டான் | ரிட்டன் கிஃப்ட்" அப்படின்னு பொருள் பேரையும் சேருங்க. பயோவுல வாட்ஸ்அப் லிங்க். "விலைக்கு இன்பாக்ஸ்" எழுதுறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. இன்னொண்ணு, பிசினஸ் கணக்குன்னா ரீல்ஸ்ல சினிமாப் பாட்டு நிறைய கிடைக்காது. ஓலை கிழிக்கிற சத்தத்தை அப்படியே விடுங்க, அதுவே நல்லாத்தான் இருக்கும்.

நெட்வொர்க்_நாதன்

ஆயிரம் சொன்னாலும் கூகுள்ல தேடினா வரணும்னா வெப்சைட் வேணும். கூகுள் பிசினஸ்லயே இலவசமா சைட் போட்டுக்கலாமே?

கடைசிவீதி

அந்த இலவச சைட்டை 2024 மார்ச்சோட கூகுள் மூடிருச்சு சார். மேப்ல வர்ற பிசினஸ் புரொஃபைல் மட்டும் இருக்கு, அது இலவசம். ஆனா வாங்குறவங்க நேர்ல வந்து போற இடம் இருக்கணும், இல்லேன்னா நீங்க அவங்க இடத்துக்கு நேர்ல போய்க் குடுக்கணும், அப்பத்தான் அதுக்குத் தகுதி. ஆன்லைன்ல மட்டும் விக்கிறவங்களுக்கு இல்ல. அக்கா குழுவுக்குப் பின்னுற கூடம் இருந்து, அங்க ஆள் வந்து வாங்கலாம்னா தாராளமாப் பதியுங்க. பெரும்பாலும் வீடியோவுலதான் சரிபார்ப்பாங்க, போர்டு, தெரு, உள்ளே வேலை நடக்கிறது எல்லாம் ஒரே வீடியோவுல வரணும். போர்டு இல்லாம எடுத்தா நிராகரிக்க வாய்ப்பு இருக்கு.

பக்கம்னு ஒண்ணு வேணும்னா கூகுள் சைட்ஸ் போதும், காசில்ல. ஆர்டருக்கு கூகுள் ஃபார்ம். அதுல பின்கோடு கட்டத்துக்கு 100000-லிருந்து 999999-க்குள்ளன்னு எண் கட்டுப்பாடு வச்சிருங்க, ஒரு இலக்கம் விட்டுப்போய் பார்சல் திரும்பி வர்றது மிச்சம். ஃபோட்டோ ஏத்துற கேள்வி மட்டும் வைக்காதீங்க, வச்சா ஜிமெயில்ல லாகின் பண்ணச் சொல்லும், பாதிப் பேர் அங்கயே விட்டுட்டுப் போயிருவாங்க.

ரசீதுப்புத்தகம்

ஜிஎஸ்டி. ஆன்லைன்னாலே ஜிஎஸ்டி வேணும்னு சொல்றது தப்பு. வாட்ஸ்அப்ல பேசி நீங்களே விக்கிறது, ஒரு வணிகத் தளம் வழியா விக்கிறது, ரெண்டும் வேற.

நீங்களே தமிழ்நாட்டுக்குள்ள விக்கிறீங்க, சரக்கு மட்டும்தான்: வருஷ விற்றுமுதல் 40 லட்சம் தாண்டுற வரை பதிவு கட்டாயமில்ல. வெளிமாநிலத்துக்கு விக்கிறதுன்னா சாதாரணமா முதல் ரூபாயிலேயே பதிவு வேணும். கைவினைப் பொருளுக்கு மட்டும் விலக்கு இருக்கு, 2018 அக்டோபர்ல வந்த அறிவிக்கைப்படி. ஓலை, நாணல், நார்ப் பொருட்கள் பட்டியல்ல இருக்கு. வரம்பு 20 லட்சம். பான் வேணும், அதோட எவ்வளவு சின்னத் தொகையா இருந்தாலும் இ-வே பில் (சரக்கு கொண்டு போறதுக்கு ஆன்லைன்ல எடுக்கிற சீட்டு) எடுக்கணும். இந்த இ-வே பில் விஷயத்தை நிறைய பேர் விட்டுர்றாங்க. தளங்கள்ல விக்கிறதுக்கு 1-10-2023 முதல் ஜிஎஸ்டி இல்லாதவங்களும் சேர்க்கை எண் வாங்கி விக்கலாம், ஆனா சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும். முதல் வெளிமாநில ஆர்டருக்கு முன்னாடி பக்கத்து ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க.

உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) அரசுத் தளத்துல இலவசம். காசு கேட்டா அது இடைத்தரகர். மகளிர் குழுங்கிறதால 'மதி' (மகளிர் குழுப் பொருட்களுக்கான அரசு விற்பனைப் பேர்) விற்பனைக்கும் மகளிர் திட்ட அலுவலகத்துல கேளுங்க.

ஒரு எச்சரிக்கை: பேருல "செட்டிநாடு கொட்டான்"னு போடாதீங்க. அதுக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டும்னு பேருக்குப் பாதுகாப்பு, இருக்கு. "பனையோலைக் கொட்டான்" போதும்.

பார்சல்_கட்டு

பூஞ்சைக்கு: ஓலை கையில காஞ்ச மாதிரி இருக்கும், மடிப்புக்குள்ள ஈரம் நிக்கும். பின்னும்போது நனைச்சுத்தானே பின்னுறீங்க? அந்த ஈரம். முடிச்சதும் நிழல்ல காத்தாட மூணு நாள், மழை நாள்ல அஞ்சு நாள், ஃபேனுக்கு அடியில. சாயம் போட்டதை உச்சி வெயில்ல வைக்காதீங்க, வெளுத்துரும்.

அதைவிடப் பெரிய தப்பு, கூடையை நேரா பாலிதீன் கவர்ல போட்டு ஒட்டுறது. உள்ள இருக்கிற கொஞ்ச ஈரமும் வெளிய போக வழியில்லாம சீக்கிரமே பூக்கும். பட்டர் பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டிக்குள்ள வைங்க, பாலிதீன் அட்டைப்பெட்டிக்கு வெளிய. நியூஸ்பேப்பர் வேண்டாம், வெளிர் ஓலையில மை ஒட்டிரும். ஈரம் உறிஞ்சுற சிலிகா ஜெல் 5 கிராம் பை பெட்டிக்கு நாலு. சாயக் கூடையை அனுப்புறதுக்கு முன்னாடி ஈர வெள்ளைத் துணியால ஒரு மூலையைத் தேய்ச்சுப் பாருங்க, கறை ஏறினா அதை வெள்ளை ஓலையோட ஒரே பெட்டியில அடுக்காதீங்க.

கடைசிவீதி

பணம் விஷயம் யாரும் சொல்லல. யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் போடாதீங்க, பேங்க் கணக்குல ஏறினதைப் பாருங்க. "ராணுவத்துல இருக்கேன், 200 எண்ணம் வேணும், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்களுக்கு வரும்"னு அழைப்பு வரும். பேரம் பேசவே மாட்டான், அதுலயே தெரிஞ்சுக்கலாம். பணம் வாங்குறதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் கேட்டா உங்க காசு போகுதுன்னு அர்த்தம்.

ஓலைப்பெட்டி

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. வளைகாப்புக்கு 120 கொட்டான் கேக்குறாங்க, மதுரை. வாய் 12 செ.மீ., உயரம் 9, எடை 30 கிராம். மூடி வச்சும் வேணும்கிறாங்க. அடுக்கினா ஒவ்வொண்ணும் ஒன்றரை செ.மீ. மேல நிக்குது. எப்படிக் கட்டுறது, எப்படி விலை சொல்றது?

பார்சல்_கட்டு

பத்து பத்தா அடுக்குங்க. 9 + 13.5 = 22.5 செ.மீ. உயரம், 12 அடுக்கு. நீளத்துல நாலு, அகலத்துல மூணு: 50×38×24 பெட்டி, அஞ்சு பிளை (அஞ்சு அடுக்கு அட்டை). 45,600-ஐ 5000-ஆல வகுத்தா 9.12, 10 கிலோவுக்கு பில். மூடியைப் போட்டு மூடின மேனிக்கு அனுப்பினா எண்ணத்துக்கு 12×12×10 பிடிக்கும், மொத்தம் 34 கிலோவுக்கு மேல போயிரும். அதனால மூடியைத் தனியா அடுக்கி தனிப் பெட்டி, ரெண்டு பெட்டிக் கூரியரையும் சேர்த்தே விலை சொல்லுங்க. பாதி முன்பணம், மீதி பெட்டி கட்டின படம் அனுப்பினதும், பார்சல் கிளம்புறதுக்கு முன்னாடி. விசேஷத் தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே சரக்கு கிளம்பணும்.

கையால பின்னின மூடி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, மாத்திப் போட்டா நிக்காது. மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடி கொட்டான் உள்ளடியிலயும் மூடி உள்பக்கமும் ஒரே எண்ணைப் பென்சில்ல எழுதிருங்க, 1-லிருந்து 120 வரை. பேனா வேண்டாம், ஓலையில ஊறிரும்.