குரல் உடையும் வயசுப் பையனுக்குத் தனியாகப் பாட்டு சொல்லித்தர ஆசிரியர் வேணுமுங்க (ஈரோடு, கரூர் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கே.பி.சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடிக்குப் பக்கத்துல எங்க ஊரு. பையன் ஒன்பதாவது படிக்கிறான். சின்னதிலிருந்தே கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டு வர்றான். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம்னு ஆரம்பப் பாடமெல்லாம் தாண்டி வர்ணத்துக்கு வந்துட்டானுங்க. ஐந்து கட்டை சுருதியில கணீர்னு பாடுனவனுக்கு இப்போ மேல் ஷட்ஜம் (மேல வர்ற 'ஸ') எட்டவே மாட்டேங்குது. பாடிட்டிருக்கையில திடீர்னு குரல் உடைஞ்சு போகுது.

இந்த வயசுல குரல்வளை வளர்ந்து குரல்நாண் நீளுது, தடிக்குது; பசங்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரைக்கும்) இறங்கிருமுங்க. அது இயற்கை. ஆனா குழு வகுப்புல எல்லாருக்கும் ஒரே சுருதி. இவனும் அதே ஐந்து கட்டையில தொண்டையை இறுக்கிக்கிட்டுப் பாடறான். கேட்கையில வயிறு பிசையுதுங்க. அவனாவே "இனி எனக்குப் பாட்டு வராதுப்பா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

குரல் இறங்க இறங்கச் சுருதியையும் இறக்கி, மந்தர ஸ்தாயியில (கீழ்க் குரல்ல) 'ஆ'ன்னு பாடிப் பழகற அகார சாதகம் பண்ண வெச்சு, எப்போ ஓய்வு கொடுக்கணும்னு சொல்ற அனுபவசாலி யாராச்சும் தெரியுமுங்களா? இப்படிப் பசங்களைக் கரையேத்தினவங்களா இருந்தா ரொம்ப நல்லது. கோவை மாலுமிச்சம்பட்டி அரசு இசைக் கல்லூரியில படிச்சவங்க யாராச்சும் ஈரோட்டுப் பக்கம் தனியா சொல்லித் தர்றாங்களா?

சனி, ஞாயிறு கூட்டிட்டு வந்துருவேனுங்க. ஆன்லைன் வேண்டாம், சத்தம் பிந்தி வர்றதால ஆசிரியரோட சேர்ந்து தாளம் போட்டுப் பாட முடியறதில்லை. மாசக் கட்டணம் எவ்வளவு இருக்கும்னும் சொல்லுங்க. உங்க வீட்டுப் பசங்க இதைத் தாண்டி வந்திருந்தா, எத்தனை கட்டையில நின்னாங்கன்னு அவசியம் எழுதுங்க. அவன்கிட்டப் படிச்சுக் காட்டணும்.