மோர் தெளித்தும் மிளகாய் இலை சுருட்டல் போகவில்லை, என்ன செய்ய?

மொட்டைமாடிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் மாடித்தோட்டம், பதினெட்டு பை வைத்திருக்கிறேன். தக்காளி, கத்தரி ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, மிளகாய்தான் உயிரை வாங்குகிறது. நட்டு 50 நாள், முதலில் தளதளவென்று வந்த செடி இப்போது நுனி இலையெல்லாம் சுருண்டு குட்டையாக நிற்கிறது, பூ வைத்தாலும் கொட்டிவிடுகிறது. மாமியார் சொன்னார் என்று புளித்த மோர் தெளித்தேன், எதிர்வீட்டு அக்கா சொன்னார் என்று பெருங்காயம் கரைத்து ஊற்றினேன், வீடியோவில் ஒருவர் சொன்னார் என்று சாம்பலும் தூவியாயிற்று. செடி பக்கத்தில் போனால் ரசவாசனை வருகிறது, சுருட்டல் மட்டும் அப்படியே. கொத்தமல்லியும் இரண்டு தடவை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.

கத்தரிக்காய்:
மேடம், இலை மேல்பக்கமாகச் சுருள்கிறதா, கீழ்ப்பக்கமாகவா? அதைச் சொல்லாமல் மருந்து கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. படகு மாதிரி மேலே மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன், சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. கீழே கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகிக்கொண்டே போனால் முரணைச் சிலந்தி, வலை பின்னும் சிலந்தி இல்லை, சாறு உறிஞ்சும் நுண்ணிய உயிரி, வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வெள்ளைத்தாளை நுனிக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டிப் பாருங்கள், மஞ்சளாக நூல்துண்டு மாதிரி ஏதாவது ஓடினால் இலைப்பேன்தான்.

பழைய விவசாயி:
இரண்டும் இல்லாமல் வைரஸாகவும் இருக்கலாம். வெள்ளை ஈ பரப்புவது. இலை சிறுத்து, மஞ்சள் ஓடி, கொத்துக் கொத்தாக நின்றால் அந்தச் செடிக்கு மருந்தே கிடையாது, பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பாசம் பார்த்து வைத்திருந்தால் பக்கத்துச் செடிக்கும் போய்விடும். நான் அப்படிப் பாசம் பார்த்து எட்டு செடியை இழந்தவன்.

மொட்டைமாடிக்காரி:
தாளில் தட்டினேன் சார், ஓடுகிறது! மேல்பக்கமாகத்தான் மடங்கியிருக்கிறது. ஒரே ஒரு செடி மட்டும் நீங்கள் சொன்ன மாதிரி மஞ்சளாகக் கொத்தாக இருக்கிறது.

கத்தரிக்காய்:
அந்த ஒன்றைப் பிடுங்கிவிடுங்கள், பெரியவர் சொன்னது சரி. மற்றவற்றுக்கு வேப்பெண்ணெய், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மிதக்கும், முதலில் சில சொட்டு சோப்புத் திரவத்தோடு கலக்கி, அப்புறம் தண்ணீர் சேருங்கள். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். நிறைய பேர் மேலாகத் தெளித்துவிட்டு வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை என்கிறார்கள், பூச்சி அடியிலும் குருத்துக்குள்ளும்தானே இருக்கிறது! வாரம் ஒருமுறை, மூன்று நான்கு தடவை. ஏற்கெனவே சுருண்ட இலை விரியாது, புதுத்தளிர் நேராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நீல நிற ஒட்டும் அட்டை ஒன்றிரண்டு தொங்கவிட்டால் கொஞ்சம் பேன் அதில் மாட்டும்.

பழைய விவசாயி:
கடலைப்பிண்ணாக்கு நிறைய ஊற்றுகிறீர்களா அம்மா? தழைச்சத்து கூடினால் இலை கொழுத்து இளசாக இருக்கும், பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

மொட்டைமாடிக்காரி:
வாரத்துக்கு இரண்டு தடவை ஊற்றினேன் ஐயா. நிறுத்திவிடுகிறேன்.

கீரைப்பாட்டி:
கொத்தமல்லிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. முழுசாகப் போட்டீர்களா? நாம் விதை என்று சொல்லும் உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கும், செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துப் போட வேண்டும். மாவாகிவிடக் கூடாது. பத்து நாள் பொறுங்கள், ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்க்கக் கூடாது (நானும் செய்திருக்கிறேன்). அப்புறம் திருச்சி வெயிலில் இப்போது போட்டால் முளைத்தாலும் சீக்கிரம் பூத்துவிடும். ஐப்பசி வரை விட்டுவிட்டு இப்போதைக்குப் புதினா வையுங்கள், கட்டு வாங்கி இலையை உருவிய பிறகு தூக்கிப் போடுகிற தண்டுதான், பாதி நிழலில் செருகினால் போதும்.

மொட்டைமாடிக்காரி:
முழுசாகத்தான் போட்டேன் பாட்டி, நான்காம் நாள் கிளறியும் பார்த்தேன். சாயங்காலம் முதல் தெளிப்பு, இரண்டு வாரம் கழித்துத் தளிர் எப்படி இருக்கிறது என்று இங்கேயே போடுகிறேன்.