நீல லோகோ கார்டில் ஊதாவாகுது, லெட்டர்ஹெட்டில் வெளிறுது: ஒரே நிறத்தில் வர என்ன வழி?

பம்புசெட்:
கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிங்க. லோகோ அடர்நீலம், கீழே ஒரு ஆரஞ்சுக் கோடு. விசிட்டிங் கார்டு, லெட்டர்ஹெட், கவர் மூணும் புதுசா அடிக்கணும். ஒரே ஃபைல்தான் கொடுத்தோம், சாம்பிள் மூணும் மூணு நீலமா வந்திருக்கு. லெட்டர்ஹெட்டை ஆபீஸ் லேசர் பிரின்டர்லதான் ஓட்டுவோம். பிரஸ்ல என்ன சொல்லிக் கொடுக்கணும்?

ஆஃப்செட் அண்ணாச்சி:
ஊதா அடிக்கறதுக்கு மெஜந்தாங்கிற இளஞ்சிவப்பு மைதான் காரணம். திரைக்குச் செஞ்ச ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீல ஒளி) நீலத்தை அப்படியே அச்சு மை நாலான சி.எம்.ஒய்.கே.க்கு (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மாத்தினா சியான் 100 சதவீதத்துக்கு மெஜந்தா 90ஐத் தாண்டி நிக்கும். அதை 65–70க்கு இறக்குங்க. இன்னும் அடர்த்தி வேணும்னா கறுப்பு 20 சேர்க்கலாம், மெஜந்தாவைத் தொடாதீங்க.

இன்னொண்ணு. மலிவா அடிக்கிற கார்டு பல பார்ட்டி வேலையோட சேர்ந்து ஒரே ஷீட்ல ஓடும். பக்கத்துல ஒரு சிவப்பு வேலை இருந்து அதுக்காக மெஜந்தாவைக் கூட்டினா உங்க நீலமும் சேர்ந்து போச்சு. உங்க லோகோவில் இருக்கிறதே ரெண்டு நிறம். ரெண்டையும் பேன்டோன் (நிறத்துக்கு எண் போட்ட சாம்பிள் புக்) எண் கொடுத்து ஸ்பெஷல் கலரா, அதாவது முன்னாடியே கலந்த தனி மையா, தனி ஷீட்டா ஓட்டச் சொல்லுங்க. நாலு மைக்கு நாலு ப்ளேட் (அச்சுத் தகடு) வேண்டியது ரெண்டாகும். முகவரியையும் அதே நீலத்துல போட்டா சின்ன எழுத்துல ரிஜிஸ்டர் (மைகள் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காருறது) விலகி நிழல் தட்டாது.

லெட்டர்ஹெட்டோட பாண்ட் பேப்பர் மையை உறிஞ்சும், அதான் வெளிறல். பேன்டோன் புக்குல கோட்டட் (பூச்சுள்ள தாள்), அன்கோட்டட் (பாண்ட் மாதிரி பூச்சில்லாத தாள்) ரெண்டும் இருக்கு. ஒரே எண் ரெண்டிலும் ஒரே மாதிரி தெரியாது. கார்டு நிறத்துக்குக் கண்ணால ஒத்துப்போற எண்ணை அன்கோட்டட்ல தேடுங்க. அது வேற எண்ணா இருந்தா இருக்கட்டும்.

வரைகலை:
கார்டு 3.5 × 2 அங்குலம். சுத்தி 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளுற பகுதி) விட்டு ஆர்ட்வொர்க் 95 × 57 மி.மீ. வரணும். எழுத்து வெட்டுக்கோட்டுக்கு 4 மி.மீ. உள்ளேயே நிக்கட்டும். தமிழை 8 பாயின்டுக்குக் கீழே கொண்டுபோகாதீங்க, புள்ளியும் கொம்பும் மை அடைச்சுக்கும். இல்லஸ்ட்ரேட்டர் டிசைன் சாஃப்ட்வேர்ல வேர்ல்ட் ரெடி கம்போசர்ங்கிற எழுத்து அமைப்பைப் போடலேன்னா யூனிகோட் கொம்பு இடம் மாறி உக்காரும். அதைச் சரிபார்த்துட்டு அப்புறம் எழுத்தைக் கர்வ்ஸ் (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்குங்க.

கவர் 9½ × 4¼ அங்குலம் வாங்கினா மூணா மடிச்ச ஏ4 தாராளமா உள்ளே போகும். ஆரஞ்சுக் கோட்டைக் கவரின் ஓரம் வரை இழுக்க ஆசைப்படாதீங்க. ரெடிமேட் கவர்ல அது வராது. ஷீட்ல அடிச்சு, கவர் வடிவ டையால வெட்டி ஒட்டணும், செலவு ஏறும். லெட்டர்ஹெட்ல மடிப்பு மேலிருந்து 99, 198 மி.மீ.ல விழும், அங்கே எதுவும் வேண்டாம்.

ஆஃப்செட் அண்ணாச்சி:
லேசர்ல ஓட்டறதால 90–100 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பாண்ட் போதும், நார் நீளவாக்குல இருக்கணும், இல்லேன்னா சுருளும். மை மேல பவுடர் தூவி உருக்கி, எம்போஸ் மாதிரி தூக்கலா தெரியவைக்கிற தெர்மோகிராஃபி கூடவே கூடாது. லேசர் பிரின்டர்ல மைப்பொடியை உருக்கி ஒட்டுற ஃப்யூசரோட சூட்டுல அந்தப் பவுடர் மறுபடி உருகி ரோலர்ல ஒட்டிக்கும். சாதா மையும் நல்லா காயட்டும், அப்புறம் டிரேயில் வைங்க.

கணக்குப்பிள்ளை:
அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். 2013 கம்பெனிச் சட்டம் பிரிவு 12 படி லெட்டர்ஹெட்ல கம்பெனிப் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 எழுத்து சி.ஐ.என். (கம்பெனி அடையாள எண்), போன், இருந்தால் மின்னஞ்சல், இணையதளம் எல்லாம் வரணும். தவறினா நாளுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 1 லட்சம். கம்பெனிக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும் உண்டு. பதிவு அலுவலகத்தை விட்டுட்டு ஃபேக்டரி முகவரியை மட்டும் போட்டுடாதீங்க. ஜி.எஸ்.டி. எண்ணுக்கு இடம் இன்வாய்ஸ்.

பம்புசெட்:
நன்றிங்க. சேல்ஸ் ஆளுங்க அடிக்கடி மாறுறாங்க, கார்டு 1000 அடிச்சா வீணாகுமே?

ஆஃப்செட் அண்ணாச்சி:
லோகோவும் முகவரியும் மட்டும் ஆஃப்செட்ல அடிச்சு வெட்டாம ஷீட்டா வைக்கச் சொல்லுங்க. ஆள் வந்தப்புறம் பேரும் நம்பரும் கறுப்புல டிஜிட்டல்ல ஏத்திக்கலாம். மேட் லேமினேஷன் (மினுக்காத பிளாஸ்டிக் படலம்) அதுக்கு அப்புறம்தான். முதல்லயே போட்டா டோனர் (டிஜிட்டல் மெஷினோட மைப்பொடி) பிடிக்காம உரிஞ்சு வரும்.