தம்பிக்கு மனநல மாத்திரை, கூடவே மரபணுப் பரிசோதனை: இந்த வயதில் எதற்கு?

அகிலா:
தம்பிக்கு 19 வயது, சின்ன வயதிலிருந்தே அறிவுத்திறன் குறைபாடு, ரெண்டு மூன்று வார்த்தைதான் பேசுவான். கொஞ்ச நாளாக இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான், ராத்திரி தூங்குவதில்லை, சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். மனநல டாக்டர் ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்து மரபணு டெஸ்டும் எடுக்கச் சொல்கிறார். அம்மா, "இனிமேல் அது தெரிந்து என்ன, குணமாகிவிடவா போகிறது" என்கிறார். எனக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

சுந்தர்:
நான் ஸ்பெஷல் ஸ்கூல் ஆசிரியர். முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரே கன்னம், சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை என்றால் எனக்குக் கடைவாய்ப் பல்மேல்தான் சந்தேகம், ஞானப்பல் முளைக்கும் வயசும் இதுதான். காது, மலச்சிக்கல் இரண்டையும் பார்க்கணும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை அடித்துக்கொண்டால் "அவன் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்களே, அதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

அகிலா:
நாளைக்கே காட்டுகிறேன் சார். அம்மாவின் அப்பாவுக்கு அறுபதுக்கு மேல் கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம். அம்மாவுக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுவிட்டது. டாக்டர் இதையெல்லாம் எதற்குக் கேட்டார்?

மரபணு ஆலோசகர்:
ஃப்ரஜைல் எக்ஸ் என்ற பரம்பரை மரபணுக் கோளாறு இருக்குமோ என்று டாக்டர் பார்க்கிறார், அகிலா. எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவை 1991-ல் கண்டுபிடித்தார்கள், அதில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 200 முறைக்கு மேல் போனால் அந்த மரபணு வேலை செய்யாது, பையன்களுக்குப் பெரும்பாலும் அறிவுத்திறன் பாதிக்கும். 55-லிருந்து 200 வரை என்றால் பொதுவாக அந்தப் பாதிப்பு வராது, ஆனால் ஆண்கள் சிலருக்கு வயதானபின் நடுக்கமும் பெண்கள் சிலருக்குச் சீக்கிரமே மாதவிலக்கு நிற்பதும் உண்டு. இந்த நடுத்தர அளவு உங்கள் தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்து, அங்கிருந்து 200-ஐத் தாண்டி நீண்டு தம்பிக்கு வந்திருக்கலாம்.

குணமாக்கும் மருந்து இல்லை, அம்மா சொல்வது சரிதான். ஆனால் தம்பிக்கு உறுதியானால், அந்த எக்ஸ் உங்களுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கல்யாணத்துக்கு இது தடை இல்லை, குழந்தை பெறுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளுக்குச் சத்தமும் கூட்டமும் பெரிய பதற்றத்தைக் கொடுக்கும், அது தெரிந்தால் மனநல டாக்டரும் அடக்கும் மாத்திரையை விட்டுப் பதற்றத்துக்கு வைத்தியம் பார்க்கலாம். அப்புறம், லேப்பில் ஃப்ரஜைல் எக்ஸ் பிசிஆர் என்று பேர் சொல்லியே கேளுங்கள், மரபணுக்களை மொத்தமாகப் படிக்கும் வழக்கமான எக்ஸோம் டெஸ்டில் இது பிடிபடாது.

சுந்தர்:
மாத்திரையை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் அகிலா. எடையும் சர்க்கரையும் இப்போதே பார்த்துக் குறித்துவையுங்கள், ரிஸ்பெரிடோனில் பசி அதிகமாகி உடம்பு போடும்.