வந்த பிள்ளையளுக்குப் பாண் குடுத்தது பிழையோ?

பரந்தன்காரி:

போன சனிக்கிழமை மகளோட படிக்கிற பிள்ளையள் நாலு பேர் வீட்ட வந்தவை. தரம் ஆறு. ஏதோ ஒப்படையாம், பெரிய மட்டையில இரணைமடுக் குளமும் வாய்க்காலும் வயலும் கீற வேணுமாம். பத்து மணிக்கு வந்ததுகள் பன்ரண்டுக்குப் போயிடுங்கள் எண்டு நினைச்சன். குளத்துக்கு நீலம் பூசி முடியவே ஒண்டரை ஆச்சு.

பானையில எங்கட நாலு பேருக்கு அளவான சோறுதான் இருந்தது. மூத்தவனைச் சைக்கிளில அனுப்பி ரெண்டு றாத்தல் பாண் வாங்குவிச்சன். அடுப்பில இருந்த பருப்புக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுப் பெருக்கினன். சம்பல் இடிச்சு, முட்டை பொரிச்சன். இதரை வாழைப்பழம் ஒரு சீப்பு கிடந்தது. பிள்ளையள் குசினி வாசலில கோப்பையோட வரிசையாய் நிண்டு வாங்கிக்கொண்டு போய், மாமரத்துக்குக் கீழ இருந்து சாப்பிட்டதுகள். ஒருத்தி முட்டையை மட்டும் திருப்பித் தந்தாள், வீட்டில சனி விரதமாம். மற்றபடி பருப்புச் சட்டி கழுவத் தேவையில்லாமல் வந்தது.

என்ர மாமி அண்டைக்கு மத்தியானம் சாப்பிடேல்ல. தன்ர பங்குச் சோத்தைக் கொண்டுபோய் அதுகளின்ர கோப்பையில வைச்சா. "எனக்குக் காணும் அப்பம்மா" எண்டு ஒரு பெடியன் சொன்னதையும் கேக்கேல்ல. பிறகு ரெண்டு நாளாய் என்னோட கதை இல்லை. "வந்த பிள்ளையளை இப்பிடியோ பாக்கிறது" எண்டதோட சரி.

அது போதாதெண்டு திங்கட்கிழமை சந்தையில அந்தப் பெடியன்ர தாயைக் கண்டன். "உங்கட வீட்ட பாணாமே" எண்டு சிரிச்சா. என்ன சிரிப்பு எண்டு பிடிபடேல்ல. மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்.

வாற சனியும் வருகினம், வாய்க்கால் இன்னும் கீறேல்லயாம். இது விருந்தும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. சும்மா படிக்க, விளையாட வாற பிள்ளையளுக்கு உங்கட வீடுகளில மத்தியானம் என்ன குடுக்கிறனீங்கள்?

ஒட்டுசுட்டான் அன்ரி:

பிள்ளை, பாணில பிழை இல்லை. சோறு வைச்ச வீட்டில இருந்து பாண் வாங்கக் கடைக்கு ஆள் போனதுதான் உங்கட மாமிக்குச் சுட்டிருக்கும். எங்கட பக்கம் ஆக்கள் கூடினா உலையில இன்னொரு சுண்டு போடுறதுதான் பழக்கம். சின்னப் பிள்ளையள் மூண்டு பேருக்கு ஒரு சுண்டு அரிசி காணும். கறிக்கு யோசிக்காதேங்கோ. சோயாமீற் ஒரு பக்கெற்றைச் சுடுதண்ணியில ஊறப்போட்டு, நல்லாய்ப் பிழிஞ்சு, உருளைக்கிழங்கோட பிரட்டி விடுங்கோ. ஒரு அப்பளம் பொரிச்சால் பிள்ளையளுக்கு அதுவே திருவிழா.

முட்டை, மீன் எண்டால் முதலே தாய்மாரைக் கேக்க வேணும். செவ்வாய், வெள்ளி, சனி, கந்தசட்டி எண்டு வீட்டுக்கு வீடு கணக்கு வேற. கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை முட்டையைத் திருப்பித் தந்திருக்காது.

நாங்கள் சின்னனில அரிவி வெட்டு நேரம் வயலுக்குப் போனால், ஆற்ற பிள்ளை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. பழஞ்சோத்தில எருமைத்தயிரை விட்டுப் பிசைஞ்சு, பனையோலைத் தட்டுவத்தில வைச்சுத் தருவினம். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் கடிச்சுக்கொள்ள வேண்டியதுதான். அதுக்காக ஆரும் ஆரையும் சந்தையில வைச்சுக் கேட்டதில்லை.

மல்லாவிப் பொடியன்:

கனடா ஸ்காபரோவில இருந்து எழுதுறன். இஞ்ச மகன்ர சிநேகிதர் வந்தால் பீற்சாவுக்குச் சொல்லிவிட்டால் அலுவல் முடிஞ்சுது. ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லாயினம். ஆனால் வரமுதலே தாய்மாரின்ர மெசேஜ் வந்திடும்: இவனுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது, அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. இதை ஏன் சொல்லுறன் எண்டால், முறிகண்டியில கச்சான் வாங்காமல் ஏ9 றோட்டில ஆரும் போறேல்ல. வந்த பிள்ளையளின்ர கையிலயும் கேக்காமல் அள்ளிக் குடுக்கிறது எங்கட பழக்கம். அதைக் கொஞ்சம் யோசியுங்கோ.

போன ஆடியில குடும்பமாய் ஊருக்கு வந்தனாங்கள். அக்கா எங்களுக்கெண்டு ஒரு சேவலை வளர்த்து வைச்சிருந்தவா. என்ர ரெண்டும் வந்த முதல் நாளே அதுக்குப் பேர் வைச்சிட்டுதுகள். மூண்டாம் நாள் மத்தியானம் கறியாய் வந்தோடன விளங்கீட்டுது. பின்னேரம் வரைக்கும் அழுகை. அக்காவும் சேர்ந்து அழுதவா. கடைசியில அண்டைக்குச் சாப்பிட்டது சம்பலும் பாணும், பிறகு பக்கத்து வீட்டுப் பெடியள் கொண்டுவந்த பாலைப்பழம். சொண்டு ஒட்டுது எண்டு கத்த, அந்தப் பெடியள்தான் தேங்காயெண்ணெய் பூசிவிட்டவங்கள். ரொறன்ரோ வந்தும் அந்தக் கதைதான்.

குசினிப்பூனை:

நூடில்ஸ் அவிச்சுக் குடுத்தால் என்ன? பத்து நிமிச வேலை, எந்தப் பிள்ளையும் வேண்டாம் எண்டு சொல்லாது. இல்லாட்டி ஒரு பெரிய சட்டியில இலைக்கஞ்சி. வெயிலுக்கும் நல்லது. நீங்கள் எல்லாரும் சும்மா பெரிசாக்கிறீங்கள்.

வவுனியா ரீச்சர்:

நான் ஆரம்பப் பிரிவு படிப்பிக்கிறன். எங்கட பள்ளிக்கூடத்தில தாய்மார் முறை வைச்சுச் சமைச்சுப் பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்கிறவை. ஒரு நாள் சோறும் கீரையும் முட்டையும், ஒரு நாள் தேங்காய்ப்பூ போட்டு அவிச்ச பயறு. வீட்டில பயறைக் கண்டால் ஓடுற பிள்ளை, பக்கத்தில இருக்கிறவன் சாப்பிட்டால் தானும் சாப்பிடும். அதனால என்ன சமைக்கிறது எண்டு கனக்கக் கவலைப்படத் தேவையில்லை.

அதுகள் வேற ஒண்டைத்தான் பாக்கும். முட்டை ஒருத்தனுக்கு முழுசும் மற்றவனுக்குப் பாதியும் போகக்கூடாது. எல்லாருக்கும் பாதி எண்டால் வாயே திறக்காதுகள். உங்கட பிள்ளைக்கு வீட்டுக் கோப்பையும் வந்ததுகளுக்குப் பிளாஸ்ரிக் கோப்பையும் குடுத்தாலும் கவனிக்கும். எட்டு வயதுப் பிள்ளை இதை வந்து என்னட்டச் சொல்லியிருக்கு.

ஒண்டு கேக்கிறன், கோவியாதேங்கோ. மாமி "பாண்" எண்ட சொல்லைச் சொன்னவாவோ?

பரந்தன்காரி:

ரீச்சர், நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிச்சன். சொல்லவே இல்லை.

நேற்றுப் பின்னேரம் மாமி முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தவா. நானும் பக்கத்தில இருந்து உருவினன். வாற சனி சோறே சமைக்கிறன் மாமி, பாண் வேண்டாம் எண்டன். "பாணை ஆர் சொன்னது?" எண்டா. கொஞ்ச நேரம் பேசாமல் உருவினா. பிறகு, "பிள்ளையளைக் கோப்பையோட லைனில விட்டனி எல்லே" எண்டா.

2009இல, சண்டையால இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில சாப்பாட்டு லைனில நிண்ட ஆள் மாமி. என்ர புருசனும் மச்சாளும் அவவுக்கு முன்னால கோப்பையோட நிண்டதுகள். நான் அப்ப இந்தக் குடும்பத்துக்கு வரேல்ல. பதினொரு வருசமாய் ஒரே வீட்டில இருக்கிறம், இண்டுவரைக்கும் இதை என்னட்டச் சொன்னதில்லை. நேற்றும் அதுக்கு மேல சொல்லேல்ல, இலையைச் சுளகில கொட்டிப்போட்டு எழும்பிப் போட்டா.

குசினிப்பூனை, கஞ்சி நல்ல யோசினைதான், ஆனால் எங்கட வீட்டில வந்த ஆக்களுக்குக் கஞ்சி குடுக்க மாமி விடமாட்டா. சண்டையில செத்த சனத்தை நினைச்சு மே 18க்குச் சந்தியில காய்ச்சுற கஞ்சிக்கு அரிசி அனுப்புவா, அதோட சரி. இவ்வளவு நாளும் அதைப் பிடிவாதம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

சந்தைச் சிரிப்புக்கும் விடை கிடைச்சிட்டுது. இண்டைக்கு அந்தத் தாய்க்குப் போன் எடுத்து விரதம், ஒவ்வாத சாப்பாடு எல்லாம் கேட்டன். பெடியன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில கோழிக்கறிச் சோத்தைத் தள்ளிவைச்சிட்டு எங்கட வீட்டுப் பருப்பும் பாணும் வேணும் எண்டு நிண்டவனாம். அவவுக்குத்தான் வெக்கமாம்.

சனிக்கிழமைக்குச் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அன்ரி சொன்ன சோயாமீற், அப்பளம். பருப்புக்காக ஒரு றாத்தல் பாணும் வாங்கி வைப்பன். மாமி பெட்டிக்குள்ள இருந்து பெரிய பாயை எடுத்து வெயிலில போட்டிருக்கிறா. பிள்ளையள் அதில இருக்க வேணுமாம், சோத்துச்சட்டி அதுகளிட்டப் போக வேணுமாம், அகப்பை தன்ர கையிலயாம். என்னைக் குசினியை விட்டு வெளிய வர வேண்டாமாம்.