வண்டி இடித்த கழுத்துவலி: 'சரியாகும்' என்ற நம்பிக்கைக்கு எவ்வளவு பங்கு?

பிசியோ_செல்வி:
பின்னாலிருந்து வண்டி இடித்துக் கழுத்து உதறிப்போனவர்கள் இரண்டு பேர். முறிவு இல்லை, சிகிச்சையும் ஒன்றுதான். ஒருவர் சில வாரங்களில் வேலைக்குப் போகிறார், இன்னொருவர் ஆறு மாதமாகியும் வலி என்கிறார். அவரவர் எதிர்பார்ப்புக்கு இதில் பங்கு உண்டென்றால், அதை எப்படிக் கேட்டறிவது? கேட்டபின் என்ன செய்வது?

வாதநாடி:
"முழுசா குணமாகிடும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு? 0லேர்ந்து 10க்குள்ள சொல்லுங்க." இது போதும். ஸ்வீடனில் 1,032 பேரை வைத்துச் செய்த ஆய்வு (2008) இப்படித்தான் அளந்தது. ஆரம்ப வலியையும் மனநிலையையும் கணக்கில் எடுத்த பிறகும், நம்பிக்கை குறைந்தவர்கள் ஆறு மாதத்தில் வலியால் முடங்கியிருக்கும் சாத்தியம் சுமார் நான்கு மடங்கு. கனடாவின் சஸ்காட்செவனில் 6,015 பேர்: 'சீக்கிரம் சரியாகும்' என்றவர்கள், 'ஆகவே ஆகாது' என்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகத் தேறினார்கள். ஆனால் தன் உடம்பின் நிலை தெரிந்தே சிலர் குறைத்துச் சொல்லியிருக்கலாம். எல்லாம் மனசுதான் என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கயல்_ஆர்த்தோ:
எண்ணோடு நிறுத்தாமல் "ஏன் 3?" என்றும் கேளுங்கள். பெரும்பாலும் "ரிப்போர்ட்ல டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு போட்டிருக்கே" என்பார்கள் (டிஸ்க் என்பது கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு). ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 87.6% பேருக்குப் பிதுக்கம் இருந்தது, இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு. இந்த ஒரு தகவலே பலருடைய பயத்தைக் குறைக்கும். கழுத்து அசையாமலிருக்கக் காலர் பட்டை மாட்டி அனுப்புவதும் கழுத்து ஆபத்தில் இருக்கிறது என்றுதான் சொல்கிறது. அதற்குப் பதில், விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை, வலி கூடாத அளவுக்குக் கழுத்தை மெதுவாக இரு பக்கமும் பத்துப் பத்துத் தடவை திருப்பச் சொல்லுங்கள்.

பிசியோ_செல்வி:
"ஒரு வாரத்துல சரியாயிடும்" என்று தைரியம் சொல்லலாமா?

கயல்_ஆர்த்தோ:
நாள் குறிக்காதீர்கள். எட்டாம் நாள் வலித்தால் உங்கள் வார்த்தைமேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். "ஏறி இறங்கித்தான் குறையும், ஒருநாள் கூடினா உள்ளே கிழிஞ்சிடுச்சுன்னு அர்த்தமில்லை" என்பதே சரியான தைரியம். அதற்கும் முன்னால் கை கால் மரத்தல், பலம் குறைதல், நடை தள்ளாட்டம், சிறுநீர்க் கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். 65 வயதைத் தாண்டியவர் என்றால் படம் எடுக்காமல் முறிவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இவை தெளிந்த பிறகுதான் தைரியம் சொல்ல நமக்கு உரிமை.